தூசு எண்ணும் மிஷின்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். மாமாகிட்ட சொல்லிடு. மிஷினை மாடிக்கு ஏத்தும்போது அவர் ஒரு கை பிடிச்சுட்டு, அப்புறம் கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு நின்னாரே, அது கண்ணுலேயே நிக்குது. வேண்டாம் மாமான்னு எத்தனை தடவை சொன்னேன். கேட்டாத்தானே.

நேர்ல சொன்னதையே மறுபடி எழுதுறேன். திங்கள், வியாழன் காலையில ஆறு மணிக்குப் புது ஃபில்டர் பேப்பர் போடணும். அந்த வெள்ளை வட்டத்தைக் கையால தொடவே கூடாது, இடுக்கியாலதான். விரல் ஈரம் பட்டாக்கூட எடை மாறிடும். மறுநாள் ஆறு மணிக்கு எடுத்து, அதே நம்பர் போட்ட டப்பியில மூடி வை. மிஷின் எவ்வளவு காத்து இழுக்குதுன்னு மீட்டர்ல வரும், போடும்போதும் எடுக்கும்போதும் சார்ட்ல எழுது. மாசம் ஒரு தடவை மேலே இருக்கிற தலையைக் கழட்டி, உள்ளே இருக்கிற தட்டைத் துடைச்சு, நான் குடுத்த கிரீஸை மெல்லிசாத் தடவணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை டப்பியெல்லாம் பார்சல்ல அனுப்பு. நான் இங்கே அதை ஒரு நாள் ஈரமில்லாத பெட்டியில வெச்சு எடை போடுவேன். புறப்படும்போது இருந்த எடைக்கும் திரும்பி வரும்போது இருக்கிற எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க தெருவோட மூச்சுல போற தூசு.

ஒரு வருஷம் இப்படி எடுக்கணும். வருஷச் சராசரி, அரசாங்கம் வெச்ச எல்லையைத் தாண்டினா சிமெண்ட் ஆலைக்காரங்க திறந்து கொட்டியிருக்கிற கல்பொடிக் குவியல் எல்லாத்தையும் கூரை போட்டு மூடியே ஆகணும், உங்க தெருப் பக்கம் ஒரு அடிகூட நகர முடியாது. தாண்டலேன்னா அவங்க வெச்சதுதான் சட்டம்.

வேற ஒரு வீட்டு மாடியைத்தான் எங்க லேப் மேனேஜர் பார்த்து வெச்சிருந்தார். எங்க அக்கா கையில குடுத்தா எந்தப் பொருளும் கெடாதுன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன். பேரைக் காப்பாத்து.

போன் பண்ணினா நான் பாதி நேரம் தராசு ரூம்ல இருப்பேன், உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டாங்க. பார்சலோட ரெண்டு வரி எழுதிப் போடு, அது போதும்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 24

என் அருமை குண்டூசிக்கு,

ரெண்டு வரியா? ரெண்டு வரியில என் வாய் எப்போடா நின்னிருக்கு? உனக்கு வேலை இருந்தா பாதியைப் படி, மீதியைச் சாப்பிடும்போது படி.

இங்கே மாமாவைத் தவிர எல்லாரும் நல்லா இருக்கோம். அவருக்கு இருமல் விட்டபாடில்லை. பள்ளிக்கூடத்துல போர்டுல படம் போட்டுக் காட்டிட்டு உட்கார்ந்துடறாராம். பசங்க, "டிராயிங் மாஸ்டர் இப்ப பேசுறதே இல்ல, வரைஞ்சே திட்டுறார்"னு சொல்லிச் சிரிக்கிறாங்களாம். அதை வந்து அவரே சொல்லிச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

உன் மிஷின் வந்ததுலேர்ந்து தெருவுல எனக்குத் தனி மரியாதை. எதிர்வீட்டு டெய்லர், அதான் நாலு வருஷமா ஆலை மேல மனுவைத் தூக்கிட்டு அலையுறாரே, அவர் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாடி ஏறி வந்து, "என்ன சொல்லுது?"ன்னு கேட்கிறார். அது எங்ககிட்ட வாயைத் திறக்காது, எல்லாத்தையும் என் தம்பிகிட்டத்தான் சொல்லும்னு சொல்லி அனுப்புறேன். நீ சொன்னபடி ஒண்ணு விடாம செய்யுறேன். இடுக்கி பிடிச்சு இப்ப கையே பழகிடுச்சு.

போன வியாழக்கிழமை ஆலைப் பக்கத்துலேர்ந்து நல்ல காத்து. உனக்குத் தெரியுமே, அப்படிக் காத்தடிச்சா கொடியில காயுற துணியெல்லாம் சாம்பல் பூத்துடும். புது மிஷின் என்ன கதிக்கு ஆளாகும்? ஓடிப் போய் நீலத் தலையணை உறையை எடுத்து அதோட தலையில மாட்டி, கழுத்துல கயிறு கட்டிட்டேன். அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு. காத்து திரும்பினதும் கழட்டிட்டேன். டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட உறை போடுறவ, இதை மட்டும் அம்மணமா நிறுத்துவேனா? இனிமே ஆலைக் காத்து அடிக்கிற நாளெல்லாம் போட்டுடறேன். நீ நிம்மதியா இரு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்புல சதை பிடிச்சா குண்டூசின்னு கூப்பிட மாட்டேன்.

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. டப்பி எதுவும் உடையல. சார்ட்டை இவ்வளவு அழகா யாரும் எழுதி அனுப்பினதில்லைன்னு லேப்ல எல்லாரும் சொன்னாங்க. மீட்டர் நம்பர்ல புள்ளிக்கு அப்புறம் வர்றதையும் எழுது.

வியாழக்கிழமைப் பேப்பரைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். அதைப் பத்தி அப்புறம் எழுதுறேன்.

என் பேரை நிரந்தர வேலைக்கு அனுப்பப் போறதா மேனேஜர் சொல்றார். இன்னும் உறுதி இல்லை, வெளியே சொல்லிடாதே.

மாமா உடம்பைப் பார்த்துக்கோ.

அன்புடன்,
தம்பி


ஜூன் 17

என் அருமை குண்டூசிக்கு,

நான் நாலு பக்கம் எழுதினா நீ நாலு வரி எழுதுற. அதுலயும் ரெண்டு வரி புள்ளி வெச்சு எழுது, கோடு போட்டு எழுதுன்னு. உன் வேலை நிரந்தரமாகணும்னு வேண்டாத நாள் இல்லை. வெளியே சொல்லல. டெய்லர் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த டெய்லர் ஒரு காரியம் பண்ணினார். நான் கயிறு கட்டித் திண்டாடுறதைப் பார்த்துட்டு, உறையை வாங்கிட்டுப் போய் வாய்ல எலாஸ்டிக் வெச்சுத் தைச்சுக் குடுத்துட்டார். இப்ப ஒரே இழுப்புல மாட்டிடலாம். இந்தக் கோடையில வாரத்துல ரெண்டு நாளும் ஆலைக் காத்துதான், அதனால உறையைக் கழட்டுற நாளே குறைவு. உறை போட்டா மிஷின் கொஞ்சம் முக்கி முக்கி ஓடுது, ஆனா ஓடுது.

ஒண்ணு கேட்கணும். முதல்ல பேப்பரெல்லாம் சாம்பல் கலர்ல வந்துச்சு. இப்ப போட்டது போட்டபடி வெள்ளையா வருது. ஆலைக்காரன் மிஷினைப் பார்த்துப் பயந்துட்டான்னு டெய்லர் மார்தட்டுறார். ஆனா கொடித்துணி அப்படியேதான் சாம்பலா இருக்கு. ஜன்னல் கம்பியைத் துடைச்சா துணி அழுக்கு. எனக்குக் கணக்கு உதைக்குது. நீ படிச்சவன், என்னன்னு பார்த்துச் சொல்லு.

மாமாவுக்கு இப்ப ஒரு வாக்கியம் பேச ரெண்டு மூச்சு வேணும். பள்ளிக்கூடத்துல நீண்ட லீவு எழுதிக் குடுத்துட்டார். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துட்டு, இந்தத் தெருவை விட்டுப் போயிடுங்கன்னார். போறதுன்னா எங்கே போறது? டாக்டர் மாடியில ரூம் போட்டுக் குடுப்பாரா? சராசரி தாண்டினதும் எல்லாம் சரியாயிடும்னு மாமா நாளை எண்ணிட்டிருக்கார். உன் மிஷினை நம்பித்தான் உட்கார்ந்திருக்கார் மனுஷன்.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பர் வெள்ளையா வர்றதுக்கு நூறு காரணம் இருக்கும். மழை, காத்தோட திசை, ஆலையில வேலை குறைவு, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். நீ அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதே. எப்பவும் செய்யுற மாதிரியே செய்.

எனக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. ஆர்டர் கையில வந்துடுச்சு. முதல்ல உனக்குத்தான் எழுதுறேன்.

மாமாவுக்கு மருந்தை ஆவியாக்கிக் குடுக்கிற கருவி ஒண்ணு அனுப்பியிருக்கேன். காலையிலயும் சாயங்காலமும் பத்து நிமிஷம் பிடிக்கச் சொல்லு. ராசியான கருவின்னு கடைக்காரர் சொன்னார்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

ரிப்போர்ட் வந்துடுச்சு. எல்லைக்குக் கீழேயாம். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துலேர்ந்து ஒரே ஒரு தாள் ஒட்டினாங்க. மறுநாளே ஆலைக்காரங்க நம்ம தெருக்கோடியில இருக்கிற காலி மனையில கம்பி நட்டுட்டாங்க. புதுக் குவியல் அங்கேதான் வருதாம். நம்ம சமையலறை ஜன்னலைத் திறந்தா நேரே அதான். டெய்லர் கடையை அடைச்சுட்டு ரெண்டு நாள் வெளியே வரல. மாமா ரிப்போர்ட்டை வாங்கிப் படிச்சுட்டு, மடிச்சு என் கையில குடுத்துட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.

அது இருக்கட்டும். நேத்து மிஷினைக் கழட்ட ஒரு ஆள் வந்தார். உங்க கம்பெனி இல்லை, மிஷினை வாடகைக்கு விடுற இடத்து ஃபிட்டர். ஆலைக் காத்து அடிச்சதால உறை போட்டிருந்தேன். அவர் மாடி ஏறிப் பார்த்துட்டு, "இது யாரும்மா போட்டது?"ன்னார். பெருமையா நான்தான்னேன். "எப்பவும் இப்படித்தானா?"ன்னார். ஆலைக் காத்து அடிக்கிற நாள் மட்டும்னு சொன்னேன். அவர் தலையில கை வெச்சுட்டு அப்படியே படியில உட்கார்ந்துட்டார். "ஏம்மா, இது தூசு எண்ணுற மிஷின். வாயைக் கட்டிட்டா எதை எண்ணும்? அதிகமாத் தூசு வர்ற நாளாப் பார்த்துக் கட்டியிருக்கீங்களே"ன்னார்.

நான் என்ன பண்ணிட்டேன்டா. ஊரே எதிர்பார்த்திருந்த ஒரு வருஷத்தை என் கையாலேயே மூடி வெச்சிருக்கேன். மிஷினைக் காப்பாத்துறேன்னு நெனச்சு அவருக்குக் குழி தோண்டியிருக்கேன். பக்கத்து ரூம்ல அவர் இருமுறப்ப ஒவ்வொரு இருமலும் என்னைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருக்கு.

இதனால உன் வேலைக்கு ஏதாவது வருமா? அக்கா வீட்ல வைங்கன்னு நீதானே சொன்ன. எல்லாம் என் தப்பு, அவனுக்கு எதுவும் தெரியாதுன்னு எங்கே வந்து வேணும்னாலும் எழுதிக் குடுக்குறேன். என்ன செய்யணும்னு உடனே எழுது.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அழாதே. வேணும்னா செஞ்ச? தெரியாம நடந்தது.

இதை யார்கிட்டேயும் சொல்லாதே. டெய்லர்கிட்ட வேண்டவே வேண்டாம். மாமாவுக்குத் தெரிஞ்சா அவர் உடம்புக்கு ஆகாது. ரிப்போர்ட் போனது போனதுதான், இனிமே சொல்லி எதுவும் மாறாது. அந்த ஃபிட்டர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிருக்கார், அதை நீ பெருசா எடுத்துக்காதே. ஒரு உறையால அவ்வளவு வித்தியாசம் வராது.

உறையை எரிச்சுடு.

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். நாலே வரியில என் மனசைக் கரைக்கிறவன் நீ. இந்தத் தடவை கரையல.

அன்னிக்கு ஃபிட்டர் கிளம்பும்போது சொன்னதை நான் உனக்கு எழுதல. அழுகையில விட்டுட்டேன். "பேப்பர்ல நீல நூல் ஒட்டியிருக்குமே, எடை போடுறவர் எப்படிப் பார்க்காம விட்டார்?"னு கேட்டார். பாவம், யாரோ அலட்சியமான ஆளா இருக்கும்னு அவரே சமாதானமும் சொல்லிட்டுப் போனார். எடை போடுறவர் என் தம்பின்னு நான் சொல்லல.

உறை போட்டதை உனக்கு நான் மறைக்கல. முதல் பார்சல்லயே எழுதினேன். எலாஸ்டிக் வெச்சதை எழுதினேன். பேப்பர் ஏன் வெள்ளையா வருதுன்னு வாய்விட்டுக் கேட்டேன். எப்பவும் செய்யுற மாதிரியே செய்னு பதில் போட்ட.

ஒரே ஒரு கேள்வி. சுத்தி வளைக்காம பதில் எழுது. நான் எழுதின கடிதத்தையெல்லாம் நீ படிச்சியா, இல்லையா?

அக்கா


மார்ச் 22

அக்கா,

படிச்சேன்.

ஒண்ணு விடாமப் படிச்சேன். நீ எழுதினதைச் சாப்பிடும்போதுதான் படிப்பேன். முதல் வியாழக்கிழமைப் பேப்பரைத் தராசுல வெச்சப்பவே நூல் தெரிஞ்சுது. அப்புறம் உன் கடிதத்தைப் பிரிச்சேன், புரிஞ்சு போச்சு. அந்தப் பேப்பரைத் தள்ளுபடி பண்ணிட்டு, உறை போடாதேன்னு உனக்கு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். எழுதவும் எழுதினேன். கவர்ல போடறதுக்கு முன்னாடி மேனேஜர் கூப்பிட்டார். "ஆலைக் காத்து அடிச்ச நாள்லயே உன் அக்கா வீட்டு நம்பர் குறைவா வருதுப்பா, நமக்குப் பணம் கட்டுற ஆலையில எல்லாருக்கும் திருப்தி. இப்படியே போனா உன் பேரை அனுப்பிடலாம்"னார். ஆறு வருஷமா அந்த வார்த்தைக்குத்தான் அக்கா காத்துக்கிட்டிருந்தேன். என் பின்னாடி வந்தவங்கெல்லாம் நிரந்தரமாயிட்டாங்க. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுட்டு உனக்கு வேற எழுதினேன்.

அடுத்த பார்சல் வரட்டும், சொல்லிடலாம்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நெனச்சேன். நூலை இடுக்கியால எடுத்துட்டு எடை போட்டேன். வேற யாரும் பார்க்கக் கூடாதுன்னு உன் டப்பியையெல்லாம் நானே வாங்கிப்பேன்.

மாமாவுக்கு அனுப்பின கருவியைப் பாசத்தோடதான் அனுப்பினேன். இதை நீ நம்ப மாட்டேன்னு தெரியும். ஆனா அது பொய் இல்லை.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். கால்ல விழச் சொல்லு, விழறேன். நீ மட்டும் என்னைத் தள்ளி வெச்சுடாதே. உன்னை விட்டா எனக்கு யார் இருக்காங்க?

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம். கடைசிவரைக்கும் படி.

படிக்கவே இல்லை அக்கா, நேரமில்லை, பிரிக்காமலே போட்டு வெச்சிருந்தேன்னு நீ எழுதியிருந்தா, ஒரு வாரம் அழுதிருப்பேன். அக்கா கடிதத்தைப் படிக்க நேரமில்லையாம்னு தெருவெல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன். அப்புறம் மன்னிச்சிருப்பேன். நீ படிச்சிருக்க. அவருக்கு மூச்சு வாங்குறதை, லீவு போட்டதை, நாளை எண்ணிட்டிருக்கிறதை எல்லாம் உட்கார்ந்து படிச்சுட்டு, எழுந்து போய் நூலை எடுத்திருக்க. அதை நெனச்சா சோறு இறங்கல.

என் தப்பை நான் மறைக்கல. அறியாத்தனத்துல செஞ்சாலும் செஞ்சது நான்தான். மாமாகிட்டதான் முதல்ல சொன்னேன், என்னோடது உன்னோடது ரெண்டையும் சொன்னேன். கேட்டுட்டு, "விடு... சின்னப் பையன்..."னார். முப்பத்தி நாலு வயசுச் சின்னப் பையன். அவர் விட்டுடுவார், அவர் குணம் அது. விட்டுட்டா அவருக்கு மூச்சு வருமா? அம்மா போனப்ப நீ அஞ்சாம் கிளாஸ். அன்னிலேர்ந்து நீ செஞ்ச ஒவ்வொண்ணையும் சின்னப் பையன்னு மூடி மூடித்தான் வெச்சேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான் போல.

அப்புறம் டெய்லர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார்னு நெனச்சுத்தான் போனேன். அவர் தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்துட்டு, "எலாஸ்டிக் வெச்சது நான்தானேம்மா"ன்னார். அந்த மனுஷன் நாலு வருஷம் கால் தேய நடந்தவர். அதைக் கேட்டப்புறம் எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. உன் மார்ச் இருபத்திரெண்டு கடிதத்தை அவர் கையில குடுத்துட்டேன். மத்ததையும் குடுத்தேன்.

அது இப்ப அலுவலகத்துல இருக்கு. ரிப்போர்ட்டை நிறுத்தி வெச்சிருக்காங்க. தெருக்கோடியில கம்பி நட்டது நட்டபடி நிக்குது, குவியல் இன்னும் வரல. இருபதாம் தேதி காலையில பத்து மணிக்கு விசாரணை. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. உனக்கும் ஓலை வரும், இல்லேன்னா வந்திருக்கும். எங்க பக்கம் சரின்னு ஆச்சுன்னா மறுபடி ஒரு வருஷம் வேற ஆள் மிஷின் வைப்பாராம். அந்த ஒரு வருஷம் மாமா இருப்பாரான்னு டாக்டரைக் கேட்டேன். அவர் மேஜையில இருந்த பேனாவை நகர்த்தி வெச்சார்.

உன் வேலை போயிடும், எனக்குத் தெரியும். ஆறு வருஷம் காத்திருந்து கிடைச்ச வேலை. நான் வேண்டிக்கிட்ட வேலை. என் கையாலேயே அதைப் பறிக்கிறேன். சந்தோஷமாச் செய்யுறேன்னு நெனச்சுடாதே.

விசாரணை முடிஞ்சதும் வீட்டுக்கு வராதே. மாமா வாடான்னு கூப்பிட்டாலும் வராதே.

அன்னிக்கு ஒரே ரூம்ல எதிரும் புதிருமா உட்கார வெச்சுத்தான் கேட்பாங்கன்னு டெய்லர் சொல்றார். நீ கடிதத்துல எழுதினதையே அங்கேயும் சொல்லு. இல்லை, மாத்திச் சொல்லு, அது உன் இஷ்டம். ஆனா என்னைப் பார்த்து அக்கான்னு மட்டும் கூப்பிடாதே. கூப்பிட்டா நான் சொல்ல வந்ததையெல்லாம் மாத்திச் சொல்லிடுவேன்.

அக்கா